சாக்பீஸ் குறிக்கு ஒரு முழம் முன்னால்

எண்பத்தைந்தாம் வருஷத்து மாசி வெயிலில், கோவில்பட்டிக்கு வெளியே, கரிசலில் சரளை கொட்டிக் கெட்டிப்படுத்திய ஓடுபாதையின் ஓரம் மில் முதலாளியின் சின்ன விமானம் நிற்கிறது. அதன் வயிற்றுக்கடியில் மல்லாந்து கிடக்கிறார் மெக்கானிக் முப்பிடாதி. விரல் நீளப் புது ஆன்டெனா அவர் மூக்குக்கு நேரே நீட்டிக்கொண்டிருக்கிறது. தரையிலிருக்கும் ரேடார் கேட்டால், 'இங்கே ஒரு விமானம் வருகிறது' என்று பதில் அனுப்ப வேண்டியது அதுதான். அது ஊமையானால், மேகத்துக்குள் எதிரே வரும் பெரிய விமானத்தை விலகச் சொல்ல ஆளில்லை. காலையில் அவர் போட்ட சாக்பீஸ் குறி ஒரு முழம் பின்னால் வெள்ளையாக இருக்கிறது. ஆன்டெனாவோ சக்கரக் காலை ஒட்டி நிற்கிறது.

"குறி போட்ட இடத்துல ஏன் மாட்டல, நேசமணி?"

"அங்கன தகடு லேசு அண்ணாச்சி. இங்கனயும் நல்லா வேலை செய்யும்." திருநெல்வேலியிலிருந்து வயரிங் வேலைக்கு வந்த நேசமணி சிரிக்கிறான். கண் மட்டும் அவரைப் பார்க்கவில்லை.

"சக்கரக் காலு மறைக்காதா?"

"மறைக்காது அண்ணாச்சி."

முப்பிடாதி திறந்திருக்கும் மூடி வழியாகக் கையை விடுகிறார். தளர்வாக வளைந்து கிடக்க வேண்டிய ஆன்டெனா கேபிள் கொடிக்கயிறு மாதிரி விறைத்திருக்கிறது. நீளம் குறைய வெட்டிவிட்டு, எட்டிய இடத்தில் மாட்டியிருக்கிறான். அவர் வெளியே வந்து முதுகுப் புழுதியைத் தட்டுகிறார்.

"நாளைக்குக் காலையில மெட்ராசுக்குப் போவுது. ஒரு சீட்டு காலியாத்தான் இருக்கு. நீயும் ஏறிக்கோ."

சிரிப்பு நின்றுவிடுகிறது. வெயிலில் காய்ந்த தகடு டக்கென்று ஒலிக்கிறது. நேசமணி திருப்புளியை எடுத்துக்கொண்டு அடியில் நுழைகிறான்.

"வேற கேபிள் வேணும் அண்ணாச்சி. நாளைக்கு விமானத்தை எடுக்க வேண்டாம்னு சொல்லிருங்க."