தேன்கையாருக்கு ஒரு சமாதானம்

மேசையின் தலைமாட்டில் தேன்கையார் வீற்றிருந்தார். தலை மட்டும். மீதி, பட்டாணிக் கஞ்சியில் வெந்துகொண்டிருந்தது.

கரடி என்று எழுதலாம். எங்கள் பின்லாந்துக் காட்டில் வாய்விட்டுச் சொல்லக் கூடாது. சொன்னால் அவருடைய உறவுக்காரர்கள் வந்துவிடுவார்கள். அதனால் தேன்கையார், கம்பளிச் சட்டைக்காரர், வனத்தின் ஆப்பிள். எங்கள் பாதிரியாருக்குக்கூட இவ்வளவு மரியாதை கிடையாது.

கொன்ற கரடிதான் விருந்தாளி; அவருக்கு ஒரு மணப்பெண்ணை அலங்கரித்துப் பக்கத்தில் உட்காரவைப்பது வழக்கம். இந்த முறை ஊர்த்தலைவர் ஹெம்மிங்கி தேர்ந்தெடுத்தது கெர்த்துவை. புருஷன் ஓல்லியைப் புதைத்து ஒரு ஞாயிறுகூட ஆகாதவளை.

வேட்டையிலிருந்து இரண்டு சறுக்குவண்டிகள் திரும்பின. ஒன்றில் தேன்கையார், இன்னொன்றில் ஓல்லி. என்ன நடந்தது என்று கூடப்போன எல்லோரிடமும் கேட்டுப் பார்த்தாள். எல்லோரும் தங்கள் பூட்ஸைப் பார்த்தார்கள்.

ஊர் கூடியிருக்கும்போது கேட்டுவிடலாம் என்றுதான் மணப்பெண்ணாகச் சம்மதித்தாள்.

வேட்டைக்கும் தலைவர், பாட்டுக்கும் தலைவர் ஹெம்மிங்கிதான். தொண்டையைச் செருமி, பீர்க் கோப்பையை உயர்த்தி, தேன்கையாரின் தலைமுன் உருகினார்.

"கோவிச்சுக்காதீங்க சாமி. நாங்க உங்கமேல கை வைக்கலை. ஈர மரத்துல ஏறுனீங்க, காலு வழுக்கிருச்சு."

"ஆமாமா, வழுக்கிருச்சு" என்றது மேசை.

"அந்த உடம்புக்கு வழுக்காம என்ன செய்யும்?" என்றாள் கஞ்சி கிளறிய வாப்பு. ஒரே சிரிப்பு.

சிரிப்பு அடங்குவதற்குள் கெர்த்து கேட்டுவிட்டாள். "ஓல்லிக்கு என்ன ஆச்சு மாமா?"

ஹெம்மிங்கி கோப்பையை இறக்கவில்லை. குரலைக்கூட மாற்றவில்லை.

"ஈர மரந்தான் அம்மாடி. அவனே வழுக்கி விழுந்தான்."

"ஆமாமா" என்றது மேசை, கொஞ்சம் தாமதமாக.

"முதுகுல ஈட்டிக்குத்து இருந்துச்சே. குளிப்பாட்டுனது நான்தானே?"



ஹெம்மிங்கி அவள் பக்கம் திரும்பவில்லை. தேன்கையாரின் தலையைப் பார்த்து, மன்னிப்புப் பாட்டில் மிச்சமிருந்ததைப் பாடினார்: ஈட்டி எங்களுடையது அல்ல. இரும்பு ஜெர்மனியில் அடித்தது, பிடி ஸ்வீடனில் சீவியது.

பாட்டு முடிந்ததும் விருந்தாளியின் சார்பில் ஒருவர் "மனசுல ஒண்ணுமில்லை" என்று சொல்ல வேண்டும். பிறகுதான் சாப்பாடு.

சொல்ல வேண்டியது மணப்பெண்.

மேசை முழுவதும் கெர்த்துவின் வாயையே பார்த்தது.

"கஞ்சி ஆறுது, சீக்கிரம் சொல்லும்மா" என்றாள் வாப்பு.