பின்சீட்டுப் பாரம்

பின்சீட் அமுங்கி எழுந்தது. அவள் ஏறிவிட்டாள்.

அவன் முதல் கியரைப் போட்டு, ஓடைக்கரையிலிருந்து வண்டியை இறக்கினான்.

மலையில் எல்லோரும் வைத்திருக்கும் நூறு சிசி வண்டிதான். பக்கவாட்டுக் கண்ணாடிகளை வாங்கிய வாரமே கழற்றிப் போட்டுவிட்டான். இந்த ஒற்றையடிப் பாதையில் உண்ணிப்புதர் எப்படியும் பிடுங்கிக்கொள்ளும்.

முதுகில் பலாப்பழம் சாக்கோடு சேர்த்துக் குத்தியது. வீட்டில் கிளம்பும்போதே அதை இருவருக்கும் நடுவில் வைத்துக்கொண்டுதான் ஏறினாள். அம்மா வீட்டுக்குக் கொண்டு போகிற பழம். எத்தனை நாளைக்கு என்று அவள் சொல்லவில்லை.

அவள் எதுவுமே சொல்லவில்லை. பேச்சு நின்று இன்றோடு நான்கு நாள்.

ஒன்பதரைக்கு பஸ். அதற்குள் அவன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் ஏற்றிவிட்டால் திரும்பி வருவாளோ மாட்டாளோ என்று பயமாக இருந்தது.

முகத்தைப் பார்த்துச் சொல்ல அவனால் ஆகவில்லை. முயன்று பார்த்துவிட்டான். சமையற்கட்டு வாசலில் போய் நின்றால், தீப்பெட்டி எங்கே என்றுதான் வாயில் வந்தது. கல்லையும் வேரையும் பார்த்து ஓட்டும்போது சொல்லிவிடலாம்.

சொன்னான்.

போன மாத மழையில், பாம்பு கடித்த பக்கத்து வீட்டுக் கருப்பண்ணனை இதே வண்டியில்தான் கீழே இறக்கினார்கள். மூன்று கிலோமீட்டர் சேறு. அவன் ஓட்டினான். அவள் பின்னால் வந்து தள்ளினாள். ஒரு கை வண்டியில், ஒரு கை சரிந்து விழப் பார்த்த கருப்பண்ணன் முதுகில். அவளுடைய கால் நகம் ஒன்று பெயர்ந்திருந்ததை ஆஸ்பத்திரி வெளிச்சத்தில்தான் பார்த்தார்கள்.

கருப்பண்ணன் பிழைத்துக்கொண்டார். நான்கு நாளுக்கு முன் ஊர் கூடி அவனுக்குத் துண்டு போர்த்தியது. எப்படி இறக்கினாய் என்று கேட்டு மைக்கைக் கையில் கொடுத்தார்கள்.

கியரைச் சொன்னான். கிளட்சைச் சொன்னான். சாமியைக்கூடச் சொன்னான்.

அவளைச் சொல்லவில்லை.

பெண்கள் பக்கம் நின்று கடைசிவரை கேட்டுவிட்டுத்தான் அவள் வீட்டுக்குப் போனாள்.

தப்பு என்றான் இப்போது. மைக்கைப் பிடித்ததும் தலைகால் புரியவில்லை என்றான். அவள் தள்ளியிருக்காவிட்டால் முதல் வளைவிலேயே வண்டி படுத்திருக்கும், அன்றைக்கு மட்டுமா, ஒன்பது வருடமாக அப்படித்தானே என்றான். நீ இல்லாத வீட்டில் எனக்கு என்ன வேலை என்றுகூடச் சொல்லிவிட்டான். கல்யாணமான நாளிலிருந்து அப்படி ஒரு வார்த்தை அவன் வாயிலிருந்து வந்ததில்லை.



காது கொடுத்துக் கேட்கிறாள் என்று நினைத்தான். அழுகிறாளோ என்றும் நினைத்துக்கொண்டான், பாவம்.

பாதை அகலமாகும் இடத்தில் நிறுத்தி, துணிந்து திரும்பினான்.

பலாப்பழம் இருந்தது. சாக்கின் வாய் சீட்டுக் கம்பியில் கட்டியிருந்தது.

அவ்வளவுதான்.

ஓடையைப் பின்சீட்டில் வருகிறவர்கள் இறங்கி நடந்துதான் கடப்பார்கள். அவளும் பழத்தைத் தூக்கிக்கொண்டு நடந்து, கரையேறி, சீட்டில் வைத்துக் கட்டினாள். அமுங்கியது அதற்குத்தான்.

பதினைந்து கிலோ பழத்துக்கும் ஒரு மனுஷிக்கும் வித்தியாசம் தெரியாதா என்றால், இறக்கத்தில் தெரியாது. நான்கு நாளாக நெஞ்சில் கிடந்ததைக் கொட்டுகிறவனுக்குச் சுத்தமாகத் தெரியாது.

வண்டியைத் திருப்பினான். ஏற்றத்தில் எஞ்சின் முக்கியது. பள்ளத்தைப் பார்க்காமல், கல்லைப் பார்க்காமல் ஏற்றினான்.

பாதி வழியில், பாறைக்கும் புதருக்கும் நடுவே ஓர் ஆள் மட்டும் போகக்கூடிய இடத்தில், அவள் நடந்து வந்துகொண்டிருந்தாள். கையில் செருப்பு. அக்கரையில் கழற்றி விட்டதை எடுக்கத் திரும்பியிருக்கிறாள். அதற்குள் இவன் கிளம்பிவிட்டான்.

அவளைப் பார்த்ததும் உயிர் வந்தது. கூடவே கோபமும் வந்தது. ஒரு சத்தம் போட்டிருக்கலாமே என்றான்.

“நாந்தான் உங்ககூடப் பேசறதில்லையே.”

சொன்ன பிறகுதான் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

அவனுக்குச் சிரிப்பு முட்டியது. இப்போது சிரித்தால் காரியம் கெட்டது. அடக்கிக்கொண்டு எஞ்சினை அணைத்தான், ஸ்டாண்டைப் போட்டான். பலாப்பழத்திடம் அத்தனை அழகாகச் சொன்னதில் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. அவள் முகத்தைப் பார்த்தான்.

“நீ தள்ளலைன்னா அன்னிக்கு வண்டி எறங்கியிருக்காது, தவமணி.”

அவள் கண் கலங்கியது. குரல் கலங்கவில்லை.

“இத எதுக்கு எங்கிட்டச் சொல்றீங்க? எனக்குத் தெரியாதா? துண்டு போத்துனவங்ககிட்டச் சொல்லுங்க.”

சொல்கிறேன் என்றான்.

எப்போது என்று அவள் கேட்கவில்லை. பார்த்துக்கொண்டு மட்டும் நின்றாள்.

கீழே பஸ் ஹாரன் இரண்டு முறை கேட்டது. வந்து பத்து நிமிடம் நிற்கும். இன்னும் பிடித்துவிடலாம்.

வண்டி மேலே ஊரைப் பார்த்து நின்றது. அந்தக் குறுகலில் திருப்புவதென்றால், இரண்டு பேருமாகப் பின்சக்கரத்தைத் தூக்கி வைத்தால்தான் உண்டு. அவன் பின்பக்கம் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவளுக்காகக் காத்திருந்தான்.

அவள் செருப்பைக் கீழே போட்டுக் காலில் மாட்டிக்கொண்டாள். மெதுவாக வந்தாள்.

திருப்பாத வண்டியில் ஏறி உட்கார்ந்தாள்.