எட்டாவது பாட்டில்

"வெறும் வெயிலே சாயத்தை வெளுத்துடுது. அப்புறம் உன் பொடி எதுக்கு இர்பானா?"

ஆராய்ச்சி வழிகாட்டி குணசுந்தரி மேடம் கேட்டதில் நியாயம் இருந்தது. இர்பானாவுக்குத்தான் அழுகை முட்டியது.

கல்லூரி மொட்டை மாடியில் எட்டு பாட்டில்கள். எட்டிலும் நீலச் சாயத் தண்ணீர். ஏழில் அவள் நொச்சி இலைச் சாற்றை வைத்துத் தயாரித்த துத்தநாக ஆக்ஸைடு நானோ பொடி. எட்டாவதில் வெறும் சாயம்தான். மூன்று மணி நேர வெயிலில் ஏழும் தெளிய வேண்டும், எட்டாவது மட்டும் நீலமாகவே நிற்க வேண்டும். அப்போதுதான் சாயத்தைச் சிதைத்தது பொடிதான் என்று நிரூபணமாகும்.

இரண்டு முறை செய்துவிட்டாள். இரண்டு முறையும் எட்டாவதும் சேர்ந்து தெளிந்துவிட்டது.

"எட்டாவதோட அடியிலயும் வெள்ளையா படிஞ்சிருக்கு மேடம். யாரோ வேணும்னே பொடி போடுறாங்க."

"கமிட்டியில இதைச் சொன்னா சிரிப்பாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள சரியா வரலேன்னா தலைப்பை மாத்திக்கோ."

பழவேற்காட்டிலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி கும்மிடிப்பூண்டிக்கு வந்து, இரண்டு வருஷம் மாடாக உழைத்தாயிற்று. இனிமேல் தலைப்பை மாற்றுவதாவது.

யாரோ என்று சொன்னாளே தவிர, அவள் மனசில் இருந்தது ஒரே ஆள்தான். லேப் அட்டெண்டர் பாக்கியராஜ்.

போன மாதம் அவர் ஒரு கண்ணாடிக் குடுவையை உடைத்ததை மேடத்திடம் போட்டுக் கொடுத்தவள் இர்பானாதான். வகுப்பே பார்த்துக்கொண்டிருக்க, மேடம் அவரை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். அதற்குத்தான் பழி வாங்குகிறார் மனுஷன். அப்பாவி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு என்ன வேலை பார்க்கிறார் பாருங்கள்.

வியாழக்கிழமை பாட்டில்களை வெயிலில் வைத்துவிட்டு, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் பாக்கியராஜ் மேலே வந்தார். அக்கம்பக்கம் பார்த்தார். எட்டாவது பாட்டிலைத் திறந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தார்.

"கையை எடுங்க அண்ணா."

அவர் பொட்டலத்தோடு திரும்பிப் பார்த்தார்.

"என் பொடியைத் திருடி என் பாட்டில்லயே போடுறீங்களா?"

"திருடலமா. லேபுல நீ மொதல்ல செஞ்சிப் பாத்த நாள்லேர்ந்து, பாட்டில் கழுவுறப்போ அடியில தங்குதுல்ல, அத்த கீழ ஊத்த மனசு வரல. அலசி, காய வச்சி எடுத்து வச்சிக்கினேன். பஸ்ஸுல இலை மூட்டையைத் தூக்கினு வந்து நீ செஞ்சதாச்சே."

இர்பானா பொட்டலத்தை உற்றுப் பார்த்தாள். ஒரு முறை உபயோகித்த பொடி மறுபடி வேலை செய்யுமா என்பதுதான் கமிட்டி நிச்சயம் கேட்கப்போகும் கேள்வி. அதை அவள் இன்னும் சோதித்தே பார்க்கவில்லை. பழைய பொடியை வைத்து இந்த மனுஷன் இரண்டு முறை செய்தே காட்டிவிட்டார்.

ஆனாலும் கோபம் அடங்கவில்லை.

"சரி, அதை ஏன் எட்டாவதுல போட்டீங்க? என் மேல இருக்கற கோவத்துலதானே?"

"கோவமா? எனக்கு இன்னாத்துக்குமா உம்மேல கோவம்?" பொட்டலத்தை மடித்து அவளிடமே நீட்டினார். "ஏழுல போட்டுட்டு, ஒவ்வொரு தபாவும் இது ஒண்ணுல மட்டும் மறந்துட்டுப் போயிடுற. மேடம் கண்ணுல பட்டா உடுவாங்களா? நாலு பேர் முன்னாடி அவங்க கிட்ட திட்டு வாங்குனா எப்டி இருக்கும்னு எனக்குத் தெரியும்மா."