பெட்டியில் எழுதிய ஊர்

பெட்டி மூடியில் இருந்த ஊர்ப்பெயரின் மேல் சிப்பாய் கறுப்புப் பெயிண்டை இழுத்துக்கொண்டிருந்தான். காய்ந்ததும் அடுத்த ஊரை வெள்ளையில் எழுதுவான்.

ராணுவக் குடியிருப்பில் வீடு காலிசெய்வது இப்படித்தான். இரும்புப் பெட்டியில் மேஜரின் பெயரும் பதவியும் அப்படியே இருக்கும், ஊர் மட்டும் மாறும். உள்ளே இருக்கும் புடவைகளின் சொந்தக்காரி பெயரை யாரும் எழுதியதில்லை.

அவள் சுவரோரம் நின்றிருந்தாள். இடது மணிக்கட்டு இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. குளியலறையில் வழுக்கி விழுந்ததாக எல்லோரிடமும் சொல்லியாயிற்று.

முதல் ஊரில் வக்கீலைப் பார்த்தாள், மாற்றல் வந்தது. அடுத்த ஊரில் விவாகரத்து மனுவே போட்டாள். வாய்தாவுக்கு முன்னால் மாற்றல் வந்தது, ஆளில்லாமல் வழக்கு தள்ளுபடியானது. இங்கே மூன்றாவது வக்கீல். அதற்குள் நாளை லாரி வருகிறது.

மேலிடத்து உத்தரவுக்கு யாரை நோவது? தன் தலையெழுத்தைத்தான் திட்டிக்கொண்டாள்.

காலையில் வக்கீலம்மா போனில் அலுத்துக்கொண்டாள்.

"கடைசியா ரெண்டு பேரும் ஒண்ணா இருந்த ஊர்லயும் கேஸ் போடலாம், நீங்க இப்ப இருக்குற ஊர்லயும் போடலாம். முதல்ல ஏதாவது ஒரு ஊர்ல நில்லுங்கம்மா!"

பட்டாளத்தானைக் கட்டியவள் எங்கே நிற்பது? போகிற ஊரில் போட்டுக்கொள்கிறேன் என்று வைத்துவிட்டாள். இன்னும் கொஞ்ச நாள் பல்லைக் கடித்துக்கொண்டால் போதும்.

சிப்பாய் முதல் ஊரிலிருந்தே இவர்களோடு இருப்பவன். அவள் எங்கே போகச் சொன்னாலும் ஜீப்பில் கொண்டுபோய் விடுவான். வெள்ளந்தி. கேட்டதற்குப் பதில் சொல்வான், பொய் சொல்லத் தெரியாது.

பிரஷ்ஷை நிறுத்தாமலே பேசினான்.

"ஐயா மாதிரி யாரும்மா இருக்கா? உங்க உடம்புக்காகன்னு மூணு மாத்தலும் அவரா எழுதிக்குடுத்துக் கேட்டு வாங்கினதாச்சே."

அவள் சுவரை விட்டுப் பெட்டியருகே வந்தாள்.

மூன்று வக்கீல் வீட்டு வாசலிலும் அவளை இறக்கிவிட்டவன் இவன்தான். அவனைக் கோபித்து என்ன பயன்? ஐயா கேட்டிருப்பார், சொல்லியிருப்பான்.

குனிந்து, ஈரம் காயாத கறுப்பை முந்தானையால் அழுத்தித் துடைத்தாள். மணிக்கட்டு விண்ணென்று தெறித்தது. அடியிலிருந்து இந்த ஊரின் பெயர் வெள்ளையாக மேலே வந்தது.

சிப்பாய் ஒன்றும் புரியாமல் பிரஷ்ஷோடு நின்றான்.

வாசலில் மேஜரின் ஜீப் வந்து நின்றது.

அவள் பெட்டியின் ஓரத்தில், பெயர் மறையாதபடி உட்கார்ந்தாள்.