வுகாஷினின் கம்பிகள்

நான் சொல்வது அத்தனையும் சத்தியம். ஒரு சொல் பொய்யென்றாலும் என் பீப்பாயிலுள்ள பிளம் சாராயம் காடியாகிப் போகட்டும்.

நீஷ் நகரத்து இசைக்கருவிக் கடைக்கு ரட்மிலா போனாள்.

"ஜிவோயின் தம்பி, வீட்டு பேஸ் கிட்டாருக்குத் தட்டைக் கம்பி ஒரு செட் கொடு."

"தடிச்சதா, மெல்லிசா?"

"எதுவானாலும் சரி."

கடைக்காரர் சிரித்தார். "எதுக்கு அண்ணி புதுசு? தட்டைக் கம்பி பழசாகப் பழசாகத்தான் ருசி. வுகாஷின் அண்ணன் முப்பது வருஷமா மாத்தலையே! அவர் விரல் எண்ணெய் ஊறின கம்பி. கழட்டினா உங்களைக் கொன்னுடுவார்."

"கொல்ல மாட்டார்."

"அவர் வாசிக்கிறப்ப எருமை உறுமுதுன்னு இத்தனை வருஷம் திட்டினது போதாதா? இப்ப அவர் இல்லாத நேரம் பார்த்துக் கழட்டுறீங்களா?"

"நேத்து போயிட்டார், தம்பி. நாளைக்கு அடக்கம். கிட்டாரையும் சவப்பெட்டியில அவர்கூட வைக்கப் போறோம்."

ஜிவோயின் புதுக் கம்பி செட் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"மண்ணுக்குள்ள போறதுக்குப் புதுசு போதும்," என்றாள் ரட்மிலா. "அந்தப் பழசு எனக்கு வேணும்."

வுகாஷின் நான்தான், இன்னும் சாகவில்லை; ரட்மிலாவை நான் அடக்கம் செய்துதான் ஏழு வருடமாகிறது.