சமத்துக் குட்டி

ஊசி குத்தியபோதும் குழந்தை அழவில்லை.

"சமத்துக் குட்டி!" என்று நர்ஸ் கொஞ்சினாள். அம்மாவோ டாக்டர் பக்கம் திரும்பினாள்.

"டாக்டர், இவ விழுந்தாலும் அழறதில்ல, பசிச்சாலும் அழறதில்ல. எனக்கு ரொம்ப பயமா இருக்கு."

டாக்டர் குழந்தையின் மார்பில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார். முகம் மாறியது.

"வெளியிலதான் அமைதி. உள்ள இதயம் படபடன்னு அடிச்சுக்குது. அழுதா யாரும் வரமாட்டாங்கன்னு பழகிப்போன குழந்தைங்க இப்படித்தான் பயத்தை உள்ளேயே வெச்சுக்கும். அழாட்டியும் தூக்குங்க. மார்போட அணைச்சுக்கங்க."

நர்ஸ் அம்மாவை ஏற இறங்கப் பார்த்தாள். அவள் தலைகுனிந்தாள்.

அன்றிலிருந்து குழந்தையை அவள் இடுப்பை விட்டு இறக்கவே இல்லை. ஆனாலும் அது மரக்கட்டை போல விறைத்தே இருந்தது. இப்படியே இருந்துவிடுமோ என்ற பயம் அவளைத் தின்றது.

ஒரு மத்தியானம் வேறு வழியில்லாமல் குழந்தையைக் கூடத்தில் உட்காரவைத்துவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். வெளியே வீடே அதிர ஓர் அலறல்.

சமையலறையிலிருந்து கணவன் பதறி ஓடிவந்தான். "என்னாச்சு? எங்க அடிபட்டுச்சு?"

ஈரக் கையோடு குழந்தையை வாரியெடுத்தவள் அழுதுகொண்டே சிரித்தாள். "அடி ஒண்ணும் படலைங்க. என்னைக் காணோம்னு அழறா!"

காப்பகத்திலிருந்து தத்தெடுத்து வந்த பிறகு, மகளின் அழுகையை அவர்கள் கேட்டது அதுதான் முதல்முறை.