மாறாத வட்டி

"காது குத்துக்கு எங்கண்ணனக் கூப்புட மாட்டேன்" என்றாள் இளவரசி.

"தாய்மாமன் மடியில உக்கார வெக்காம பொண்ணுக்குக் காது குத்துவியா? நல்லா இருக்குமா?" என்றான் கணவன் திருமுருகன்.

"கிரகப்பிரவேசத்துக்கே கூப்புடல. என்ன கொறஞ்சி போச்சி?"

விஷயம் வேறொன்றுமில்லை. மூணு வருஷத்துக்கு முந்தி திண்டிவனத்தில் இவர்கள் வீடு கட்டியபோது, விழுப்புரத்தில் வீட்டுக்கடன் கம்பெனியில் வேலை பார்க்கும் அண்ணன் சீனுவாசன்தான் கடன் வாங்கிக் கொடுத்தான்.

பக்கத்து வீட்டு ராஜாமணியக்கா வேறொரு இடத்தில் வாங்கியது ஏறி இறங்குகிற வட்டி. அப்போது ஆறே முக்கால். தங்கைக்கு அண்ணன் போட்டுக் கொடுத்ததோ கடைசி வரைக்கும் மாறாத வட்டி. ஏழரை! கேட்டதற்கு, "உனக்கு இதான் சரி, கையெழுத்துப் போடு" என்று சொன்னதோடு சரி.

"கூடப் பொறந்தவகிட்டயே கமிஷன் பாத்துட்டான். எழுதிக் குடுத்தானே ஏழரை, அதான் என்னைப் புடிச்சி ஆட்டுது." இளவரசி இதைச் சொல்லாத ஆள் தெருவில் பாக்கியில்லை.

அன்று சாயங்காலம் ராஜாமணியக்கா முகம் செத்துப்போய் வந்தாள்.

"வட்டி ஒம்போதுக்கு ஏறிப்போச்சாம்டி. தவணைய ஏத்திக் கட்டுறியான்னாங்க, முடியாதுன்னேன். வருஷத்த நீட்டி வுட்டுட்டாங்க. நான் ரிட்டையர் ஆனப்புறமும் கட்டிக்கினே இருக்கணும்."

மாறாத வட்டி என்று எழுதியிருந்தாலும் தன் கடனுக்கும் ஏற்றிவிட்டார்களோ என்று இளவரசிக்குப் பயம் வந்துவிட்டது. திருமுருகன் ஓட்டுவது லோடு ஆட்டோ. ரெண்டு வாரம் வாடகை கிடைக்காவிட்டால் வீடே ஆடிப்போகும். இதில் தவணையும் ஏறினால் கட்டின வீட்டை விற்றுவிட்டுப் போக வேண்டியதுதான்.

உடனே கம்பெனிக்குப் போன் போட்டாள்.

"உங்களுக்கு மாறாத வட்டிம்மா. அதே தவணைதான், கடைசி வரைக்கும்."

"நல்லாப் பாத்து சொல்லுங்க சார்."

"பாத்துட்டுத்தாம்மா சொல்றேன்."

அப்பாடா! அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்ததும் அண்ணன் ஞாபகம் வந்தது. வட்டி ஏறும் என்று அவனுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. இவள்தான் ஊரெல்லாம் அவனைத் திட்டித் தீர்த்திருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை வெற்றிலை பாக்குத் தட்டோடு விழுப்புரத்துக்கு பஸ் ஏறினாள்.

அண்ணி பொன்னி எதையும் மனதில் வைத்துக்கொள்ளாமல் காபி கொடுத்தாள். "உங்கண்ணன் மளிகைக் கடையில கணக்கு எழுதப் போயிருக்காரு. வந்துடுவாரு."

"லீவு நாள்லயா?"

அதற்குள் சீனுவாசனே வியர்க்க விறுவிறுக்க வந்துவிட்டான். தட்டைப் பார்த்ததும் அவன் கண் கலங்கிவிட்டது.

"என்னை மன்னிச்சிடுண்ணே. வட்டி ஏறும்னு அப்பவே கண்டுபுடிச்சிட்டியே, நீ பெரிய கெட்டிக்காரன்ணே."

பொன்னிக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"கெட்டிக்காரருதான், போ. அதே மாசம் எங்க வூட்டுக் கடன ஏறி எறங்குற வட்டியில வாங்கி வெச்சாரே. அந்தத் தவணைக்குத்தான் ஞாயித்துக்கெழமையும் கடைக்கி ஓடிக்கினு கெடக்காரு."

இளவரசி அண்ணனைப் பார்த்தாள்.

"இருவது வருஷத்து வட்டிய எடுத்து வெச்சிப் பாத்தேன் இளவரசி" என்றான் அவன், அசட்டுச் சிரிப்போடு. "ஒரு காலத்துல பதிமூணு. ஏழரைக்கு எறங்கி, திரும்பப் பதினொண்ணுக்கு மேல போச்சி. அப்புறம் எறங்கிக்கினேதான் வந்துது. இன்னும் எறங்கும்னு நான் அடிச்சிச் சொன்னேன்."

"அப்ப எனக்கும் அதையே போட வேண்டியதுதான?"

"என் கணக்கு தப்பிப் போனா எனக்கு மாசச் சம்பளம் இருக்கு, தாங்கிக்குவேன். ஆட்டோவ நம்பிப் பொழைக்கிற உன்னை வெச்சி நான் எப்டிம்மா சூதாடுறது?"